துவக்குக் குழாயில் ஒரு பெயர்

1

போன கிழமை கொழும்பிலிருந்து என் மச்சாள் தொலைபேசி எடுத்தாள். சுகம் கேட்கவில்லை, மழை வெயில் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், "என்னடி, மகளுக்குச் சீதனமாத் துவக்குக் குடுத்தனியாம், மெய்யோ?" என்றாள்.

நான் ஊருக்குப் போட்ட கடிதத்தில் அதைப்பற்றி இருந்தது ஒரே ஒரு வரி. மகள் வதனியின் பெயரை மாப்பிள்ளை வீட்டு வேட்டைத் துவக்கில் நானே எழுதிக்கொடுத்தேன் என்று எழுதியிருந்தேன். அது கை மாறி, வாய் மாறிக் கொழும்புக்குப் போய்ச் சேர்வதற்குள் சீதனமாகிவிட்டது. இன்னும் இரண்டு வாய் மாறினால் பீரங்கியாகிவிடும். அதற்கு முன் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது ஓக்லாந்தில் ஏவன்டேல் என்ற இடத்தில். வாடகை கொஞ்சம் குறைவு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கீரையும் கிழங்கும் கிடைக்கும் என்று வந்தோம், அப்படியே இருந்துவிட்டோம். என் கணவர் தேவராசா ஒனிஹங்காவில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். விளையாட்டுப் போட்டிக் கிண்ணங்களிலும் பித்தளைத் தகடுகளிலும் மெஷினால் பெயர் வெட்டுவது அவருடைய வேலை. நான் ஊரில் சின்ன வகுப்பு ரீச்சர். இங்கே உடுப்புத் துவைத்துக் கொடுக்கும் ஒரு லோன்றியில் மற்றவர்களின் சட்டைகளுக்குப் பெயர்த்துண்டு குத்துகிறேன். ஆக, புருஷனும் பெண்சாதியுமாக ஊரார் பெயரை எழுதித்தான் சாப்பிடுகிறோம்.

வதனி எங்களுக்கு ஒரே மகள். பத்து வயதில் இங்கே வந்தவள். நகரத்தின் வடக்கே ஆல்பனியில் படித்து, அங்கேயே ஓர் அலுவலகத்தில் வேலையும் எடுத்துக்கொண்டாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். பசித்தாலும் ஆங்கிலம், கோபித்தாலும் ஆங்கிலம். வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதங்களிலோ அவள் பெயர் 'தேவராசா' என்றுதான் இருக்கும். வந்த புதிதில் விண்ணப்பங்களில் எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னால் எழுதிவிட்டோம். அன்றிலிருந்து இந்த நாட்டுக் கந்தோர்களில் என் மகள் தன் அப்பாவாகவே இருந்துவருகிறாள். திருத்தச் சொல்லிப் போனால் பிறப்புச் சாட்சிப் பத்திரம் கேட்பார்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன எழுத்து என்று கேட்பார்கள்.

2

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் வதனி மார்க்கைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளைக்காரப் பெடியன். நெடுவல். கதவடியில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தான். நான் உறைப்புக் கூடக் கறி வைத்துப் பார்த்தேன், அதையும் கண்ணீரோடு சாப்பிட்டு முடித்தான். என்ன குறை பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஆட்கள் சிலர் முகத்தைத் திருப்பினார்கள், திருப்பட்டும் என்று விட்டுவிட்டேன். பிள்ளை தமிழ்ப் பெடியனைக் கட்டவில்லையே என்ற கவலை எனக்கும் இருந்தது. ஆனால் அது சோறு சமைக்கும்போது வந்து, இறக்கி வைக்கும்போது போய்விடுகிற கவலை.

போகாத கவலை வேறொன்று வந்தது. மார்க்கின் தகப்பன் பீட்டருக்கு ஓக்லாந்துக்குத் தெற்கே ஒரு பால்பண்ணை. அங்கே மே மாதத்தில், குளத்துத் தாராக்களைச் சுடும் வேட்டை தொடங்குகிற நாள் அவர்களுக்குத் திருவிழா மாதிரி. அந்த வீட்டில் ஒரு பழைய ஒற்றைக் குழாய்த் துவக்கு இருக்கிறது. பீட்டரின் பாட்டனார் வாங்கியதாம். அந்த வீட்டுக்கு மருமகளாக வருகிறவளின் பெயரைக் கலியாணத்துக்கு முன் அந்தக் குழாயில் பொறிப்பது அவர்கள் வழக்கம். எலினோர், ரூத், ஜோன் என்று மூன்று பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஜோன் என்பவர் பீட்டரின் மனைவி, மார்க்கின் தாய். புற்றுநோயில் காலமாகிவிட்டார்.

இதை வதனி எனக்குச் சொன்னது காருக்குள், நான் இறங்கி ஓட முடியாத இடத்தில். "நாலாவதா என்ரை பேர் வரும் அம்மா," என்றாள். அந்த ஒரு வசனத்தை மட்டும் தமிழில் சொன்னாள். பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று விளங்கியது.

எங்கள் பெட்டைகளுக்கு நாங்கள் குடத்திலும் தாம்பாளத்திலும் பெயர் வெட்டிக் கொடுப்பதில்லையா? சபை சந்திக்கு இரவல் போன பாத்திரம் வழி தெரிந்து வீட்டுக்குத் திரும்பி வரட்டும் என்றுதானே வெட்டுகிறோம். அப்படி ஒரு வழக்கம்தான் இதுவும் என்று புத்திக்குத் தெரிந்தது. மனதுக்குத் தெரியவில்லை.

"கலியாணத்தைச் செய்யுங்கோ, நான் மறிக்கேல்லை. ஆனா துவக்கிலை உன்ரை பேர் வரக்கூடாது. அந்தத் துவக்கு இருக்கிற வீட்டிலை உன்னை விட்டிட்டு வர நான் கலியாண நாள் வைக்கவும் மாட்டன்," என்றேன்.

மகள் முன்னால் எரிந்த சிவப்பு விளக்கையே பார்த்தாள். பச்சை விளக்கு விழுந்த பிறகும் காரை எடுக்காமல் நின்றாள். பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

3

காரணத்தை இங்கே சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல்தான் இத்தனை வருடமும் ஓட்டினேன்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். பெயர் ரவி. பதினேழு வயதில் இயக்கத்துக்குப் போனான். போனவன் ஒருநாள் மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். துவக்கைக் கதவு மூலையில் சாத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். வதனி அப்போது தவழ்கிற பிள்ளை. அந்தத் துவக்கைப் பிடித்து எழும்பி நிற்கப் பார்த்தது. நான் பாய்ந்து போய்த் தூக்கினேன். அதன் கட்டையில் வெள்ளைப் பெயின்றால் ஓர் இலக்கம் எழுதியிருந்தது.

"உன்ரையோ?" என்று கேட்டேன்.

"இப்ப என்னட்டை இருக்கு," என்றான்.

மீனை முள் எடுத்துச் சாப்பிட்டான், இரண்டாம் முறையும் சோறு வாங்கினான், போனான். பிறகு வரவில்லை. எந்த இடத்தில், எப்படி என்று எங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. அம்மா கொஞ்சக் காலம் அவனுக்கென்று ஒரு கோப்பையில் சோறு எடுத்து வைத்தார். அந்த இலக்கம் எழுதிய துவக்கு அவனுக்குப் பிறகு யாருடைய தோளில் போனதோ, அவனுக்கு முன் யாருடையதோ.

வதனி பள்ளிக்கூடம் போய், இரட்டைப் பின்னல் போடும் வயதுக்கு வந்தாள். இந்தப் பிள்ளையும் வளரும், பதினேழு வயதாகும் என்ற எண்ணம் எனக்கு ஒருநாள் அவள் தலைமயிரை வாரிக்கொண்டிருக்கும்போது வந்தது. அன்று முடிவெடுத்ததுதான். இருந்ததை விற்று, உலகத்தின் அடி நுனிக்கு வந்து சேர்ந்தோம். ரவியைப் பற்றி நான் மகளோடு கதைத்ததே இல்லை. தெரியாத துக்கம் பிள்ளைக்கு வேண்டாம் என்று நினைத்தேன்.

4

என் கணவர் நல்லவர். அவரிடம் ஒரு பழக்கம் மட்டும் உண்டு. தொலைபேசியில் வெள்ளைக்காரர் வேகமாகக் கதைத்தால், விளங்கினாலும் விளங்காவிட்டாலும் மரியாதைக்கு "யெஸ், யெஸ்" என்று தலையாட்டுவார். தலையாட்டுவது தொலைபேசியில் தெரியாது என்று எத்தனை தரம் சொன்னாலும் ஆட்டுவார். பீட்டர் ஒருநாள் எடுத்துப் பத்து நிமிடம் கதைத்தார். இவர் பத்து நிமிடமும் யெஸ் சொன்னார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இஞ்சேரும், நான் என்னத்துக்கோ ஓம் எண்டு சொல்லிப்போட்டன் போலை கிடக்கு."

சனிக்கிழமை பீட்டர் வந்து இறங்கியபோதுதான் அது என்னத்துக்கு என்று தெரிந்தது. வதனியின் அப்பா பெயர் வெட்டுகிறவர் என்றால், வெளியில் எங்கே கொடுப்பது, அவரே செய்யட்டும் என்று நினைத்திருக்கிறார். அனுமதிப்பத்திரம் இல்லாதவர்கள் வீட்டில் துவக்கை விட்டுவிட்டுப் போகச் சட்டம் விடாதாம். ஆகவே குழாயை மட்டும் கழற்றி, ஒரு பழைய துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். என்னிடம் நேரே வந்து, "இது வெறும் குழாய்தான், யாருக்கும் ஒன்றும் செய்யாது," என்றார். வதனி ஏதோ சொல்லியிருக்கவேண்டும். நான் தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

குழாய் கராஜுக்குள் போனது. என் துணி துவைக்கும் மெஷினும் அங்கேதான் இருந்தது. நான் அதன்பிறகு கராஜுக்குள் கால் வைக்கவில்லை. குளியலறைத் தொட்டியில் போட்டு உடுப்பு அலம்பினேன். இவருடைய வேலை உடுப்புகளை மட்டும் அலம்பாமல் விட்டேன்.

பட்டறைக்குக் கொண்டுபோய் வெட்டலாம் என்று பார்த்தால், முதலாளி துவக்குச் சம்பந்தப்பட்ட எதுவும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டிலேதான் செய்யவேண்டும். பாத்திரக் கடைகளில் செய்வதுபோல உளியால் தட்டிப் புள்ளி புள்ளியாக எழுதலாமா என்று யோசித்திருக்கிறார். அப்படித் தட்டினால் குழாய் உள்ளே நெளியும், நெளிந்த குழாயில் வெடி வைத்தால் ஆபத்து. அது சரிவரவில்லை. பிறகு கரண்டில் ஓடும் பேனை போன்ற ஒரு கருவியை இரவல் வாங்கினார். சந்தையில் வாங்கிய இரும்புக் குழாய்த் துண்டில் எழுதிப் பழகினார். தட்டையான தகட்டில் வழுக்காத கை உருண்டையில் வழுக்கியது. எழுத்தெல்லாம் மண்புழு மாதிரி நெளிந்தது.

மூன்றாவது வழியைப் பட்டறையில் யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸை இரும்பில் பூசிக் காயவிடவேண்டும். அதை ஊசியால் கீறி எழுதினால், எழுத்து உள்ள இடத்தில் மட்டும் இரும்பு வெளியே தெரியும். பற்றரியின் ஒரு வயரைக் குழாயிலும் மற்ற வயரை உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சிலும் கட்டி, பஞ்சால் மெதுவாக ஒற்றினால் எழுத்து மட்டும் அரிபட்டுப் பதியும். ஆழமும் இல்லை, அடியும் இல்லை. இவர் பாமசிக்குப் போய்ச் சிவப்புக் கியூட்டெக்ஸ் கேட்டிருக்கிறார். மனைவிக்கா என்று அந்த மருந்துக்கடையில் நின்ற பெட்டை சிரித்துக்கொண்டு கேட்க, இல்லை, துவக்குக்கு என்று இவரும் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். மிச்சக் காசை அவள் மேசையில் வைத்துத் தள்ளிவிட்டாளாம்.

5

ஒருநாள் சவர்க்காரத்தூள் முடிந்துவிட்டது. பெரிய பெட்டி கராஜில் இருந்தது. நான் எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடலாம் என்று போனேன். இவர் மேசையில் குனிந்து, பழகும் குழாயில் VATHANI என்று கீறிக்கொண்டிருந்தார். V ஒரு பக்கம் விழுந்து கிடந்தது, N நொண்டியது. கரும்பலகையில் வாழ்ந்தவளுக்கு அது பொறுக்குமா?

"என்ன எழுத்து இது? ஒண்டாம் வகுப்புப் பிள்ளை இதிலும் வடிவா எழுதும்."

"அதுதான் நானும் யோசிக்கிறன். உம்மடை எழுத்தெண்டால் வடிவா இருக்கும். நான் கேட்டால் நீர் கடிக்க வருவீர்."

பக்கத்தில் துவாயை விரித்து அந்தக் குழாய் கிடந்தது. நான் நினைத்ததைவிடச் சின்னது. புட்டுக் குழலை நீட்டிவிட்டதுபோல இருந்தது. மூன்று பெயர்களும் தெரிந்தன. எலினோரும் ரூத்தும் கூர்மையாக இருந்தன. கடைசியாக எழுதிய ஜோன்தான் மழுங்கிப்போயிருந்தது. புதிது ஏன் முதலில் தேய்ந்தது என்று கேட்டேன்.

"அந்த மனிசன் அண்டைக்குக் கதைச்சுக்கொண்டிருக்கேக்கை கவனிச்சனான். பெருவிரலாலை அதைத் தடவிக்கொண்டே இருந்தது. தனக்கே தெரியாது போலை," என்றார் இவர்.

ஓர் ஆம்பிளை தன் பெண்சாதியின் பெயரை விரலாலேயே தேய்த்திருக்கிறான். கொஞ்ச நேரம் சவர்க்காரத்தூள் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பேர் எழுதித் தாறன். நாள் வைக்கிறது வேறை கதை. அதைக் கேட்கக்கூடாது."

"நான் வாயே திறக்கேல்லை," என்றார்.

அவர் குழாயில் சிவப்புப் பூசிக் காயவைத்துத் தந்தார். நான் தையல் ஊசியை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கீறினேன். தகப்பன் பெயர் இல்லை, முதலெழுத்தும் இல்லை. அவளுடைய பெயர் மட்டும். இந்த நாட்டில் அவள் பெயரைத் தனியாக, சரியாக எழுதியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். இவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பஞ்சால் ஒற்றினார். பஞ்சு கறுத்து நுரைத்தது. பிறகு கழுவி, துடைத்து, கியூட்டெக்ஸைக் கரைத்து எடுத்து, எண்ணெய் பூசி வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்தபடியே நின்றார்.

"இஞ்சேரும். இதென்ன?"

பெயர் அழகாக இருந்தது. பெயருக்கு மேலே, நடுவில், சின்னதாக, வடிவாக ஒரு பிள்ளையார் சுழி இருந்தது.

நான் கீறியதே எனக்குத் தெரியாது. சந்தைக்குச் சாமான் எழுதினாலும் சுழி போட்டுத்தான் எழுதுவேன். லோன்றியில் காலையில் குத்தும் முதல் துண்டிலும் மூலையில் ஒன்று இருக்கும். கை தன்பாட்டில் செய்துவிட்டது.

"பிள்ளையாரைக் கொண்டுபோய்த் துவக்கிலை ஏத்திப்போட்டீரே!"

"கண்ணாடியை நெத்தியிலை வைச்சுக்கொண்டு கரண்ட் குடுத்தது ஆர்? அராவி எடுங்கோ."

"அராவினால் குழாய் மெலிஞ்சுபோடும். எடுக்கேலாது."

பரம்பரையாகக் காத்துவந்த சாமான். எங்களை நம்பித் தந்தது. அதில் அவர்களுக்கு ஒட்டும் உறவும் இல்லாத ஓர் அடையாளத்தை அழியாமல் போட்டு வைத்திருந்தோம்.

6

அடுத்த சனிக்கிழமை பீட்டரும் மார்க்கும் வதனியும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். சாப்பிட்ட பிறகு காட்டலாம் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். வயிறு நிறைந்தவர்களுக்குக் கோபம் குறைவாக வரும். பீட்டர் புட்டைக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டார், மார்க் பழக்கிவிட்டிருக்கிறான். நான் ஒரு வாய்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

இவர் துவாயை அவிழ்த்துக் கொடுத்தார். பீட்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குழாயை மடியில் வைத்துப் பார்த்தார். "நல்ல எழுத்து. மிக நல்ல எழுத்து," என்றார். பிறகு விரல் மேலே போனது. முகம் மலர்ந்துவிட்டது.

"ஓ! ஒரு தாராவும் போட்டிருக்கிறீர்கள்!"

நான் எட்டிப் பார்த்தேன். அப்படிப் பார்த்தால் தாராதான். தலையும் உடம்புமாக நீந்திக்கொண்டிருந்தது. என் கணவர் உயிர் வந்தவராக, "யெஸ், யெஸ், டக்," என்று தலையாட்டினார். அதோடு எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். நானும் அப்படியே விட்டிருப்பேன்.

"அது தாரா இல்லை, பீட்டர்," என்றாள் வதனி.

அவள் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். அம்மா எதை எழுதத் தொடங்கினாலும் முதலில் இதைப் போடுவா, இடைஞ்சல் இல்லாமல் முடியவேண்டும் என்று ஒரு கடவுளிடம் கேட்பது இது, அம்மாவுக்குத் தெரியாமலே கை போட்டிருக்கும் என்றாள். "அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். துவக்கோடு போனவர், திரும்பி வரவில்லை. அம்மா இந்தக் குழாயைத் தொட்டதே எனக்குப் பெரிய காரியம்," என்றாள்.

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் தன் கோப்பையைப் பார்த்தார். எப்போது சொல்லியிருக்கிறார், எத்தனை வருடமாக அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. தெரியாத துக்கம் வேண்டாம் என்று நான் மறைத்ததை, அம்மாவை நோகடிக்கக்கூடாது என்று அவளும் எனக்கு மறைத்திருக்கிறாள்.

பீட்டர் குழாயை மேசையில் வைத்துவிட்டார். என்னைப் பார்த்து, "அவர் பெயர் என்ன?" என்று கேட்டார்.

"ரவி," என்றேன். இந்த நாட்டில் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பீட்டர் ஒருமுறை மெதுவாகத் திருப்பிச் சொன்னார், சரியாகவே சொன்னார். குழாயில் இன்னும் இடமிருக்கிறது, நீங்கள் விரும்பினால் அவர் பெயரையும் எழுதலாம் என்றார். மனதாரத்தான் சொன்னார். பெண்களின் பெயருக்கு மட்டுமே இடமுள்ள குழாய் அது.

"வேண்டாம்," என்றேன். என் இங்கிலீஷில் சொல்லத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். "என்ரை தம்பியின்ரை பேர் துவக்கிலை வேண்டாம். அவன் தூக்கினது போதும்." வதனி அதை அவருக்கு விளங்கப்படுத்தினாள். அவர் தலையசைத்தார், வற்புறுத்தவில்லை.

மார்க் எழுந்து போய்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினான். வதனி குழாயை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து, நிலத்தில் முழங்காலில் இருந்தாள். அதன் ஒரு பக்கத்தை என் கையில் தந்தாள்.

"அம்மா, இஞ்ச பாருங்கோ. உள்ளுக்கை ஒண்டும் இல்லை," என்றாள். தமிழில் சொன்னாள். பாடமாக்கிக்கொண்டு வந்த தமிழாக அது இருக்கவில்லை.

ஒரு துவக்கின் வாயை நேருக்கு நேர் பார்ப்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கண்ணை வைத்தேன். முதலில் இருட்டு, பிறகு வட்டமாக வெளிச்சம். அந்த வட்டத்துக்குள் எங்கள் பின்வளவும் கொடியில் காயும் இவருடைய வேலைச் சட்டையும் தெரிந்தன. வதனி நகர்ந்து மறுபக்கத்துக்குப் போய்க் குனிந்தாள். வட்டம் முழுக்க அவள் கண் வந்தது. குழந்தையில் மடியில் கிடந்து என்னைப் பார்த்த அதே கண்.

"தெரியுதோ அம்மா?"

"ஓம் பிள்ளை, தெரியுது."

அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது. குழாயை மடியில் இறக்கி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கேட்கப் பயம்.

"என்ன பார்த்துக்கொண்டு இருக்கிறியள்?" என்றேன். "போய்க் கலண்டரை எடுத்துக்கொண்டு வாங்கோ. பிள்ளைக்கு ஒரு நல்ல நாள் பாப்பம்."